அம்மாவைத் தூக்காதீர்கள், எழ உதவுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் அம்மாவுக்கு இப்போது 76 வயது. இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன, வலதுதான் மோசம். சுவரைப் பிடித்தே நடக்கிறார். குந்தும் கழிவறை, அதுவும் சமையல்கட்டைத் தாண்டி ஒரு படி இறங்கிப் போக வேண்டும். கையைப் பிடித்து இழுத்துத்தான் எழுப்புகிறேன். எனக்கே இடுப்பு வலி வந்துவிட்டது. கைத்தடி வாங்கிக் கொடுத்தேன், மூலையில் சாத்தி வைத்திருக்கிறார்."

முதலில் அந்த இழுப்பை நிறுத்துங்கள். வயதானவர்களின் தோள்மூட்டு அதைத் தாங்காது. தேய்ந்த முட்டிக்குத் துணை தொடைத் தசைதான். நீங்களே தூக்கிவிட்டால் அந்தத் தசைக்கு வேலையில்லாமல் போகும், இன்னும் மெலியும்.

நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து வரச் சொல்லுங்கள். பாதங்கள் முட்டிக்குச் சற்றுப் பின்னால், கைகள் நாற்காலியின் கைப்பிடியில். மூக்கு கால்விரலுக்கு நேரே வரும் அளவுக்கு முன்னால் சாய்ந்து, பிறகு எழ வேண்டும். பலரும் முதுகை நிமிர்த்தியபடியே எழப் பார்ப்பார்கள், பாரம் பின்னாலேயே தங்கிவிடும். நீங்கள் பக்கத்தில் நின்று இடுப்பின் பின்புறம் ஒரு கை வைத்தால் போதும். உட்காரும் இடம் அவர் முட்டி உயரத்துக்கு இருக்கட்டும். அமுங்கும் சோபாவும் வழுக்கிப் போகும் பிளாஸ்டிக் நாற்காலியும் வேண்டாம்.

கையில் இருக்கும் பணத்தை முதலில் கழிவறைக்குச் செலவழியுங்கள். வரவேற்பறை பிறகு பார்த்துக்கொள்ளலாம். தேய்ந்த முட்டியோடு குந்தி எழுவது பெரிய வேதனை. அதற்குப் பயந்தே பல அம்மாக்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள், அப்புறம் மலச்சிக்கல், மயக்கம். மருத்துவச் சாதனக் கடைகளில் நடுவில் துளையுள்ள கமோட் நாற்காலி கிடைக்கும். அதன் வாளியை எடுத்துவிட்டு, குந்தும் கழிவறையின் மேலேயே நிறுத்தலாம். நான்கு காலிலும் ரப்பர் மூடி இருக்க வேண்டும், ஆடக் கூடாது. கைப்பிடிக் கம்பியை உங்கள் ஊர் கிரில் பட்டறையிலேயே செய்யலாம். சுவருக்கும் கம்பிக்கும் இடையே சுமார் 4 சென்டிமீட்டர் விடச் சொல்லுங்கள். பழைய தோட்டத்து வீடுகளில் மேல்பாதி பலகைச் சுவராக இருக்கும், வெறும் பலகையில் திருகினால் பிடுங்கிக்கொண்டு வரும். செங்கல்லிலோ, தரையில் ஊன்றிய தூணிலோ பொருத்தட்டும். உறிஞ்சி ஒட்டும் பிளாஸ்டிக் கைப்பிடியை நம்பவே வேண்டாம். அந்த ஒரு படிக்கும் பக்கத்தில் கம்பி வேண்டும். படியின் விளிம்பில் மஞ்சள் சாயம் பூசுங்கள், இரவில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். குளித்த தண்ணீரை உடனே தள்ளிவிடுங்கள். தேய்ந்த ஜப்பான் சிலிப்பரைத் தூக்கிப் போட்டுவிட்டு, பின்வார் உள்ள செருப்பு வாங்கிக் கொடுங்கள்.

கைத்தடி மூலைக்குப் போனதற்கு வெட்கம் மட்டும் காரணமாக இருக்காது, உயரம் பொருந்தாமலும் இருக்கலாம். செருப்புப் போட்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், மணிக்கட்டு ரேகைக்கு நேராகத் தடியின் பிடி வர வேண்டும். வலது முட்டி வலித்தால் தடி இடது கையில். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியும் வலிக்கும் காலும் முதலில். கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு நாள் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்குள் கட்டாயப்படுத்தினால் முரண்டு பிடிப்பார்.

படுக்கையிலிருந்து எழுந்ததும் நடக்க விடாதீர்கள், ஓரிரு நிமிடம் உட்காரட்டும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு எழுந்தவுடன் தலைசுற்றலாம். நீர் மாத்திரை சாப்பிட்டால் அதைக் காலையில் எடுக்கலாமா என்று கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையத்தில்) டாக்டரிடம் கேளுங்கள், இரவில் கழிவறைக்கு ஓடுவது குறையும். அப்படியே பிசியோதெரபிக்குக் கடிதமும் கேட்டு வாங்குங்கள்.

விழுந்துவிட்டால் உடனே தூக்காதீர்கள். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பில் எலும்பு முறிந்திருக்கக்கூடும். அசைக்காமல் 999-ஐ அழையுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், வலி இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.