அமெரிக்காவில் சிறு வடிசாலை நடத்துகிறவர் லேபிள் அனுமதிக்குக் கன்சல்டன்ட் வைத்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். எங்கள் வடிசாலையின் ஒன்பது லேபிள்களுக்கும் நானே உட்கார்ந்து விண்ணப்பம் போட்டு அனுமதி வாங்கியிருக்கிறேன்.

கேள்வியைப் பார்த்தால் உங்களுக்கு வடிசாலை பெர்மிட் வந்துவிட்டது, பாட்டிலும் முடிவாகிவிட்டது, தெரிந்த டிசைனர் ஒருவர் லேபிளும் வரைந்து கொடுத்துவிட்டார், இந்த நேரத்தில் யாரோ பெரிய தொகை ஒன்றைச் சொல்லி வயிற்றில் புளியைக் கரைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் நடந்தது. லேபிளை அனுமதிப்பது டிடிபி, அதாவது கருவூலத் துறையின் கீழ் இருக்கும் மது, புகையிலை வரி வாரியம். விண்ணப்பத்துக்கு ஒரு டாலர்கூடக் கட்டணம் கிடையாது. ஆன்லைனில் கணக்குத் திறந்து நாமே அனுப்பலாம்.

சட்டம் படிக்காதவன் அறிவுரை சொல்கிறான் என்று சிலர் வருவார்கள். நான் வக்கீல் இல்லை, உண்மைதான். ஒரே நேரத்தில் இருபது சரக்கை இறக்குகிற பெரிய கம்பெனி ஆள் வைத்துக்கொள்ளட்டும். நான் பேசுவது ஒன்றிரண்டு சரக்கோடு தொடங்குகிறவர்களுக்கு.

எங்கள் முதல் சரக்கு கருப்பட்டியில் ஊறல் போட்டு, செம்புப் பானையில் இரண்டு தடவை வடித்தது. வாசனையும் ருசியும் ரம்முக்குப் பக்கத்தில் நின்றதால் 'பாம் ரம்', அதாவது பனை ரம் என்றே பெயர் வைத்தோம். அவசரத்தில் 4,000 லேபிள் அச்சடித்தும் வாங்கிவிட்டோம். அதற்குப் பிறகுதான் ஃபெடரல் விதித்தொகுப்பில் 27ஆம் தலைப்பின் 5ஆம் பகுதியை வரிவரியாகப் படித்தேன். ரம் என்றால் கரும்பு. கரும்புச் சாறு, பாகு, மொலாசஸ், இல்லையென்றால் கரும்பிலிருந்து வருகிற வேறு பொருள். பனையில் வடித்ததை எப்படிச் சுற்றி வளைத்தாலும் ரம் என்று போட முடியாது. வகைக்குள் அடங்காத இப்படிப்பட்ட சரக்கை 'ஸ்பெஷாலிட்டி' கணக்கில் சேர்ப்பார்கள். அதற்கு முதலில் ஃபார்முலா அனுமதி, அதாவது எதை வைத்து எப்படிச் செய்கிறோம் என்பதற்கான அனுமதி, வாங்க வேண்டும், பிறகுதான் லேபிள். எதிலிருந்து வடித்தது என்பதையும் லேபிளில் வெளிப்படையாக எழுத வேண்டும். அந்த 4,000 லேபிளும் சுருள் பிரிக்காமலே குப்பைக்குப் போயின. தப்பு முழுக்க எங்களுடையது.

ஃபார்முலா கிடைத்த பிறகு புது லேபிளை அனுப்பினேன். 'திருத்தம் தேவை' என்று திரும்பி வந்தது. முதல் காரணம், ஆல்கஹால் அளவை '40% ஏபிவி' என்று போட்டிருந்தோம். பேச்சில் எல்லோரும் சொல்லும் சுருக்கம்தான், ஆனால் லேபிளில் செல்லாது. ஆல்கஹாலுக்கு 'ஆல்க்', வால்யூமுக்கு 'வால்' என்ற சுருக்கங்கள் செல்லும். இரண்டாவது, அரசு எச்சரிக்கைப் பத்தி. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது அது. அதன் தொடக்கத்தில் வரும் 'கவர்ன்மென்ட் வார்னிங்' என்ற இரண்டு சொல் மட்டும் ஆங்கில கேபிடல் எழுத்தில், தடித்து இருக்க வேண்டும். மீதி தடித்திருக்கவே கூடாது. எங்கள் டிசைனர் அழகுக்காகப் பத்தி முழுவதையும் தடித்துவிட்டிருந்தார். 750 மில்லி பாட்டிலுக்கு எழுத்து உயரம் 2 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, ஒரு அங்குலத்துக்கு 25 எழுத்துக்கு மேல் நெருக்கக் கூடாது. அன்று இரவு சாப்பாட்டு மேசையில் ஸ்டீல் ஸ்கேலும் பூதக்கண்ணாடியும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக எண்ணினேன். திருத்த 30 நாள் கொடுப்பார்கள். இரண்டாம் நாளே அனுப்பிவிட்டேன்.

அந்த லேபிளில் பெரிதாக 'பனை' என்று தமிழில் எழுதியிருந்தோம். முதலில் விசாரித்தபோது ஒரு கன்சல்டன்ட், வேற்று மொழி எழுத்து இருந்தால் அனுமதி கிடைக்காது, எடுத்துவிடுங்கள் என்று அடித்துச் சொன்னார். அவர் சொன்னது தவறு. கட்டாயத் தகவல்கள் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கூடுதலாக எந்த மொழியும் இருக்கலாம். விண்ணப்பப் படிவத்திலேயே வேற்று மொழிச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பு எழுத ஒரு கட்டம் இருக்கிறது. அதில் நான் எழுதிய ஒரு வரியோடு அந்த 'பனை' அப்படியே அனுமதியாகி வந்தது. காசு கொடுத்து அவரை வைத்திருந்தால் அந்த எழுத்து இன்று பாட்டிலில் இருந்திருக்காது. உங்கள் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சித்தப்பா மகள் நிச்சயதார்த்தத்தில் பெரியப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேட்டா ஃபுட் கம்பெனின்னு சொல்லிருப்பா" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன். இன்றைக்கும் உறுத்துகிறது. வடிக்கிற ஒவ்வொரு புரூஃப் காலனுக்கும் (பாதி ஆல்கஹால் இருக்கிற ஒரு காலன், வரிக்கான அளவு) கணக்கு வைத்து, ஃபெடரல் வரி 2.70 டாலர் கட்டி, ஒட்டுகிற காகிதத்தின் எழுத்து உயரம் வரைக்கும் அரசிடம் காட்டிவிட்டுச் செய்கிற தொழில் இது. ஒளித்துச் சொல்ல இதில் என்ன இருக்கிறது?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அனுமதி பெற்ற லேபிள்களை டிடிபி பொதுப் பதிவேட்டில் வைத்திருக்கிறது. உங்கள் சரக்கைப் போன்றதை அதில் தேடி நாலைந்து பாருங்கள். ஆனால் அடுத்தவருக்குக் கிடைத்துவிட்டது என்பதை நம் விண்ணப்பத்துக்கு ஆதாரமாக நம்பாதீர்கள். பிராண்டு பெயர், வகை, ஆல்கஹால் அளவு மூன்றும் பாட்டிலின் ஒரே பக்கத்தில் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். உருளைப் பாட்டில் என்றால் அந்தப் பக்கம் சுற்றளவில் 40 சதவீதம். அனுமதி வந்த பிறகு கொள்ளளவை மட்டும் மாற்றினால் புது அனுமதி தேவையில்லை. மாநிலத்தில் தனியாகப் பதிய வேண்டியிருக்கலாம், விற்கப் போகும் ஒவ்வொரு மாநிலத்திலும் விசாரியுங்கள்.

அனுமதி கையில் வரும்வரை அச்சகத்துக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். டிசைனர் தந்த படத்தை நிஜ அளவில் வீட்டு பிரின்டரில் எடுத்து பாட்டிலில் சுற்றிப் பாருங்கள். எச்சரிக்கைப் பத்தியில் சந்தேகம் இருந்தால் அதை மட்டும் இங்கே போடுங்கள், நான் எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன்.