கலச்சுவாசம் விளங்காத தம்பிக்கு ஒரு கராச்காரன் எழுதுவது

கேள்வி: மூச்சு விடுவதும் கலச்சுவாசமும் ஒன்றா? ஏ.ரி.பி. எப்படி உருவாகிறது என்று எத்தனை தரம் நோட்ஸ் வாசித்தும் விளங்கவில்லை.

தம்பி (தங்கச்சியாயும் இருக்கலாம்), நீர் உயர்தரத்துக்குப் பயோ படிக்கிறீர், சோதினை கிட்ட வந்துவிட்டது, நோட்ஸ் முழுக்க அம்புக்குறி என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நான் டொக்டரும் இல்லை, ஆசிரியரும் இல்லை. 1994இல் பயோ எழுதி, மருத்துவபீடத்துக்குப் புள்ளி காணாமல், இப்போது யாழ்ப்பாணம் கொக்குவிலில் மோட்டார் சைக்கிள் திருத்துகிறவன். படித்தவர்கள் பிழை பிடிக்க வருவீர்கள். முழுக்க வாசித்துவிட்டு வாருங்கள்.

முதல் கேள்வி சின்னது. மூச்சு ஒட்சிசனை இரத்தத்தில் சேர்ப்பதோடு சரி. சாப்பாட்டிலிருந்து சக்தி எடுக்கிற வேலை கலத்துக்குள், பெரும்பாலும் அதிலுள்ள இழைமணி (மைற்றோகொண்ட்ரியா) என்கிற சின்ன உறுப்பில் நடக்கிறது. அம்மா மரவள்ளிக் கிழங்கை மூடாமல் அவிப்பா. அதில் வருகிற சயனைட்டு ஆவியாகிப் போகவேண்டும். அந்த நஞ்சு உடம்பில் ஏறினால் இரத்தத்தில் ஒட்சிசன் இருக்கும், மூச்சும் வாங்கும், ஆனால் இலத்திரன்களை ஒட்சிசனிடம் ஒப்படைக்கிற கடைசிப் புரதம் அடைபட்டுவிடும். மூச்சு இருந்தும் கலச்சுவாசம் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஏ.ரி.பி., அதாவது கலம் தன் வேலைகளுக்குச் செலவழிக்கிற சக்திக் காசு, அதைப் பற்றிய இரண்டாவது கேள்விதான் என்னை எழுத வைத்தது.

1993. யுத்தகாலம். கரண்ட் இல்லை, பற்றரிக்குத் தடை. இரவில் விறாந்தையில் சைக்கிளைத் தலைகீழாக வைத்து, பின்சில்லில் டைனமோவை முட்டவிட்டு, பெடலை நான் கையால் சுற்றுவேன். வயரின் மற்ற முனையில் றேடியோ. ஜாம் போத்தல் விளக்குப் பக்கத்தில் அப்பா காதைக் குடுத்து பி.பி.சி. தமிழோசை கேட்பார். கை உளைந்து கொஞ்சம் தளர்ந்தால் செய்தி வாசிக்கிறவரின் குரல் கிணற்றுக்குள் போய்விடும். “டேய், நிப்பாட்டாத, நிப்பாட்டாத!” என்று அப்பா கத்துவார். சேமித்து வைக்க ஒன்றும் இல்லை. சுற்றினால் சத்தம், விட்டால் மௌனம்.

அந்தக் கிழமை ரியூட்டரியில் இழைமணி படிப்பித்தார்கள். சேர் அதன் உள்மென்சவ்வை, அதாவது உள் தோலைக் கீறி, அதன்மேல் தடியில் குமிழ் மாதிரி வரிசையாக வைத்தார். “சேர், அந்தக் குமிழ் என்ன செய்யும்? டைனமோ மாதிரிச் சுத்துமோ?” என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. “அது சோதினைக்கு வராது, இரும்” என்றார் சேர். அன்றிலிருந்து எனக்குப் பட்டம் டைனமோ. இன்றைக்கும் கராச்சுக்கு வருகிற சிலர் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

அது சுற்றுகிறது, தம்பி. சாப்பாட்டிலிருந்து வருகிற இலத்திரன்கள் மென்சவ்வில் கைமாறிக் கைமாறிப் போகையில், புரோத்தன்கள் (நேரேற்றம் உள்ள ஐதரசன் துணிக்கைகள்) உள்ளேயிருந்து வெளிப்பக்கம் தள்ளப்படும். அங்கே நெருக்கிக்கொண்டு நின்று, திரும்பி உள்ளே வர அந்தக் குமிழின் அடியில் மென்சவ்வுக்குள் பதிந்திருக்கிற பகுதி வழியாகப் பாயும். பாயும்போது தண்டு சுழலும். ஒரு சுற்றுக்கு மூன்று ஏ.ரி.பி. பீற்றர் மிச்சல் என்கிற ஆங்கிலேயர் 1961இல் புரோத்தன் கதையைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. அவர் ஒரு பழைய வீட்டைத் திருத்தி அதிலேயே ஆய்வுகூடம் நடத்தி, 1978இல் நோபல் வாங்கினார். தண்டு சுழல்வதை ஜப்பான்காரர் நுணுக்குக்காட்டியில் நேரே பார்த்தது 1997இல். நான் சோதினை எழுதி மூன்று வருசம் கழித்து! நான் கண்டுபிடித்தேன் என்று சொல்லவரவில்லை. போல் போயர் என்கிற அமெரிக்க விஞ்ஞானி அதற்குமுன்பே சுழலும் என்று சொல்லியிருந்தார், நான் கேட்டது பாதி குழப்படிக்கு. ஆனாலும் சிரித்திருக்கத் தேவையில்லை. டைனமோ கரண்ட் தரும், இது ஏ.டி.பி.யையும் (ஒரு பொசுபேற்று குறைந்த ஏ.ரி.பி.) பொசுபேற்றையும் சேர்த்து அமத்தித் தரும், உவமை முழுக்கப் பொருந்தாது என்பதும் தெரியும். அதற்காகச் சண்டைக்கு வரவேண்டாம். வேலியில் நிற்கிற முருங்கை இலையிலும் இதே சாமான்தான், அங்கே தள்ளிவிடுகிறது வெயில்.

ஏ.ரி.பி.யையும் உடம்பு குவித்து வைப்பதில்லை. கையிருப்பு கொஞ்சம்தான், அதையே உடைத்து உடைத்துத் திரும்பக் கட்டுகிறது. ஒரு நாளில் கட்டுவதைக் கூட்டினால் கிட்டத்தட்ட உம்முடைய நிறை வரும்.

குளுக்கோசை உடைக்கிற முதல் கட்டமான கிளைக்கோபகுப்பில் முதலில் ஏன் 2 ஏ.ரி.பி. செலவு என்று குழம்பாதீர். அந்தக் காலத்தில் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டுவோம், ஆனால் ஸ்டார்ட் பண்ண நாலு சொட்டுப் பெற்றோல் விட்டே ஆகவேண்டும். 2 போட்டால் 4 வரும், அவ்வளவுதான். ஒரு குளுக்கோசுக்கு மொத்தம் 38 என்று எங்களுக்கு அடித்துப் பாடமாக்கினார்கள். 36 என்று எழுதிய எனக்குச் சேர் புள்ளி வெட்டினார். இப்போது மருமகளின் புத்தகத்தில் 30, 32 என்று நிற்கிறது. வெட்டிய புள்ளியை ஆரிடம் போய்க் கேட்கிறது?

அந்த டைனமோவும் இப்போது இல்லை. 1995 இடப்பெயர்வில் பஞ்சரான சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டுத் தென்மராட்சிக்குப் போனோம். அடுத்த வருசம் திரும்பி வந்து பார்த்தால் சைக்கிள் நின்றது, டைனமோவை மட்டும் அளவான ஸ்பானர் போட்டுப் பதமாகக் கழற்றியிருந்தார்கள். தெரிந்த ஆள்தான். வெளியாள் என்றால் சைக்கிளையே கொண்டுபோயிருப்பான்.