இணையத்தில் பெயரை மறைத்து எழுதுவது கோழைத்தனம்தானே? எல்லாக் கணக்கையும் ஆதாரோடு இணைத்தால் என்ன?

பெயர் போடாமல் பூனைப் படத்தை வைத்துக்கொண்ட யாரோ ஒரு கணக்கிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, அந்தச் சூட்டோடு கேட்டிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. தப்பில்லை, நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் "நேர்மையானவனுக்கு மறைக்க என்ன இருக்கிறது" என்று கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். பெயர் போடாமல்தான் எழுதுகிறேன்.

2015-இல் திருநெல்வேலியில் ஒரு செல்போன் கம்பெனியின் டிஸ்ட்ரிபியூட்டர் கடையில் வேலை பார்த்தேன். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். காலையில் கணக்கு எழுதுவேன், மதியத்துக்கு மேல் கவுன்டரில் நிற்பேன். முதலாளி எங்களுக்கெல்லாம் அண்ணாச்சி.

அப்போது ஃபேஸ்புக் பேக், வாட்ஸ்அப் பேக் என்று தனித்தனியாக விற்போம். போட்ட ஆப் மட்டும் ஓடும். வேறெதைத் தொட்டாலும் மெயின் பேலன்ஸில் கை வைத்துவிடும். அதற்கு முந்தைய வருஷம் பிளஸ் டூ ரிசல்ட் அன்று ஒரு அக்கா வந்தார். ஃபேஸ்புக் பேக் போட்ட போனில் மகனுடைய ரிசல்ட்டைத் திறந்திருக்கிறார். பக்கம் பாதி வந்து நின்றுவிட்டது, உள்ளே கிடந்த நாற்பத்துச் சொச்சம் ரூபாயும் காலி. "நெட்டு போட்டிருக்கேனே தம்பி, நீதான போட்டு விட்ட?" என்கிறார். ஃபேஸ்புக் வேறு, நெட் வேறு என்று அவருக்கு நான் எப்படி விளங்கவைப்பது? என் போனில் பார்த்துச் சொன்னேன், பையன் 1,012. பிற்பாடு நெட் நியூட்ராலிட்டி, அதாவது எந்த ஆப், எந்தத் தளமானாலும் நெட் ஒரே மாதிரி ஓடவேண்டும் என்ற வார்த்தையைக் கேள்விப்பட்டபோது எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். கேட்காமலே காலர் டியூன் ஏற்றிவிட்டு மாசாமாசம் காசு பிடிப்பார்கள். பட்டன் போன் வைத்திருந்த ஒரு பெரியவருக்கு ஏதோ சினிமாப் பாட்டை ஏற்றி நாலு மாதம் காசு போயிருந்தது. தன் போனுக்குத் தானே அடித்துப் பார்க்க முடியாதே, அவருக்கு எப்படித் தெரியும்? மகள் சொல்லித்தான் வந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டது நான், காசு போனது கம்பெனிக்கு.

விஷயத்துக்கு வருகிறேன். 2015 மார்ச் 24 அன்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இணையத்தில் யாருக்காவது 'எரிச்சல்' உண்டாக்கினால்கூட மூன்று வருஷம் வரை உள்ளே தள்ள வழி வைத்திருந்த பிரிவு அது. மூன்றே நாளில், மார்ச் 27 அன்று, டிராய், அதாவது செல்போன் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், ஒரு கலந்தாய்வு அறிக்கை விட்டது. 118 பக்கம், 20 கேள்வி. வாட்ஸ்அப், ஸ்கைப் மாதிரி ஆப்களுக்கு லைசென்ஸ் வேண்டுமா, ஆப்புக்கு ஆப் வேறு கட்டணம் வைக்கலாமா என்றெல்லாம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. ஏப்ரல் 24 கடைசி நாள். 66ஏ-வே போயிற்று, இனி யாருக்குப் பயம் என்று எனக்கு ஒரு தெம்பு.

22-ஆம் தேதி, புதன்கிழமை, கடை அடைக்கும் நேரம். டிராய்க்கு அனுப்ப ஒரு மாதிரிப் பதில் இணையத்தில் தயாராகக் கிடைத்தது. அதற்குக் கீழே அந்த அக்கா கதையையும், "நான் இதே தொழிலில் இருப்பவன், கவுன்டரில் தினமும் பார்க்கிறேன்" என்ற வரியையும் சேர்த்தேன். மெயில் பொத்தானை அழுத்தினேன். போய்விட்டது. எங்கிருந்து போனது என்று பார்க்கவில்லை. கடைக் கம்ப்யூட்டரில் அவுட்லுக் திறந்துகொண்டு, கடை முகவரியிலிருந்தே அனுப்பியிருக்கிறது. அடியில் கடை பெயர், கம்பெனி முத்திரை, லேண்ட்லைன் நம்பர் எல்லாம் தானாக ஒட்டிக்கொள்ளும்படி செட் செய்து வைத்ததும் நான்தான். யாரைக் குறை சொல்ல?

மறுநாள் அண்ணாச்சியின் மருமகன் பில் தேடப்போய் 'சென்ட் ஐட்டம்ஸ்'-இல் பார்த்துவிட்டார். அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஏல, நம்ம கட பேருல டெல்லிக்கு என்னத்தல அனுப்பிருக்க?"

திட்டினார். சாயங்காலம் டீ வாங்கிக் கொடுத்தார். அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். 27-ஆம் தேதி டிராய் தனக்கு வந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மெயில்களை, அனுப்பியவர் பெயர், மெயில் முகவரியோடு தன் தளத்தில் ஏற்றியது. கருத்துக் கேட்பில் வந்ததை வெளியிடுவது அவர்கள் வழக்கம்தான், முகவரியையும் சேர்த்துப் போட்டதுதான் நாடு முழுக்கச் சண்டையானது. டிவியில் அந்தச் செய்தி ஓடியபோது அண்ணாச்சி என்னைப் பார்க்கவே இல்லை. மறுநாள் காலையில் "கம்பெனிக்காரன் கேட்டா நான் என்னடே சொல்லுவேன்? கொஞ்ச நாளு வீட்ல இரு, கூப்பிடுதேன்" என்றார்.

கம்பெனியிலிருந்து யாரும் கேட்கவில்லை. கடைசிவரை ஒரு போன்கூட வரவில்லை. பத்து லட்சத்தில் எங்கள் கடையை யார் தேடப்போகிறார்கள்? அண்ணாச்சியும் கூப்பிடவில்லை. எனக்கு வரவேண்டிய மூன்று மாத இன்சென்டிவும் அப்படியே நின்றுபோயிற்று. அவரையும் முழுக்கக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. ஏஜென்சி போனால் பன்னிரண்டு குடும்பத்துக்கு அடுப்பு எரியாது.

2016 பிப்ரவரி 8 அன்று டிராய், ஆப்புக்கு ஆப், தளத்துக்குத் தளம் வேறு டேட்டா கட்டணம் வைக்கக் கூடாது என்று விதி போட்டது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் அபராதம். சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டிய ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸும் அத்தோடு இந்தியாவில் மூட்டை கட்டியது. அந்தச் செய்தியை நான் பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்று படித்தேன். படிக்கப் போகவில்லை, அங்கேதான் வேலை.

இப்போது சொல்லுங்கள், எனக்கு மறைக்க என்ன இருந்தது? தேசத்துரோகமா? அரசாங்கமே கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். என் பெயர் டெல்லிக்குத் தெரிவதில் எனக்கு ஒன்றும் இல்லை. சம்பளம் கொடுப்பவருக்குத் தெரிவதில்தான் பிரச்சினை.

உடனே "அப்படியானால் பெண்களுக்கு ஆபாச மெசேஜ் அனுப்புபவனுக்கு வக்காலத்தா" என்று யாராவது வருவீர்கள். இல்லை ஐயா. அவனைப் பிடிக்க, எந்த இணைப்பிலிருந்து வந்தான் என்று காட்டும் ஐபி முகவரி இருக்கிறது, அடையாளச் சான்று கொடுத்து வாங்கிய சிம் இருக்கிறது. பிரவுசிங் சென்டரில் கேபின் தடுப்பு நாலரை அடிக்கு மேல் இருக்கக்கூடாது, வந்தவர் விவரத்தை ஒரு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று 2011-லேயே விதி இருக்கிறது. போலீஸ் நினைத்தால் பிடிக்கலாம். புகாரை வாங்காமல் திருப்பி அனுப்புவதற்கு ஆதார் என்ன செய்யும்? நீங்கள் சொல்கிற மாதிரியே கணக்குகளை ஆதாரோடு இணைக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றத்தில் 2018-லேயே மனு போட்டார்கள். அது அலைந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

சொந்தப் பெயரில் எழுதியவர்கள் கதையையும் பாருங்கள். 2012-இல் புதுச்சேரியில் ஒரு சிறு வியாபாரி, அப்போதைய மத்திய நிதியமைச்சரின் மகனைப் பற்றி ட்வீட் போட்டதற்குக் கைதானார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் பதினாறே பேர். அடுத்த மாதமே மகாராஷ்டிரத்தில் பால்கரில் இரண்டு பெண்கள். ஒருத்தி பதிவு போட்டாள், இன்னொருத்தி அதற்கு லைக் மட்டும் போட்டாள்.

ஆதார் இணைத்தால் எல்லோரும் மரியாதையாகப் பேசுவார்கள் என்பதும் எனக்குப் புரியவில்லை. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் என் மச்சான் சாதி பற்றி அனுப்புகிற சமாசாரங்களை நீங்கள் பார்க்க வேண்டும். சொந்தப் பெயர், சொந்தப் படம், கீழே பதவியும் போட்டிருப்பார். கேட்டால் குரூப்பை விட்டு என்னைத்தான் எடுக்கிறார்கள். இரண்டு தடவை ஆகிவிட்டது.

உங்களைத் திட்டிய கணக்கை பிளாக் செய்துவிட்டுத் தூங்குங்கள். முடிந்தால் அதற்கு முன்னால் உங்கள் ஆபீஸ் மெயிலைத் திறந்து, அடியில் தானாக என்னென்ன ஒட்டிக்கொண்டு போகிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.