நெடுந்தீவுக்கு ஒரே நாளில் போய் வரலாமா? குதிரையைத் தவிர அங்கே என்ன இருக்கிறது?

வெளிநாட்டு நண்பரோடு யாழ்ப்பாணத்தில் மூன்று நாள் நிற்கப் போகிறீர்கள், அதில் ஒன்றைக் கடல் தாண்டி, தன்பாட்டில் திரியும் குதிரைகளுக்குப் பெயர்போன நெடுந்தீவுக்கு ஒதுக்கலாமா என்று யோசிக்கிறீர்கள் என எடுத்துக்கொள்கிறேன். போய் வரலாம். ஆனால் உங்கள் நாளைத் தீர்மானிப்பது குதிரை அல்ல, படகு. ஆகவே அதிலிருந்தே தொடங்க வேண்டும்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் குறிகட்டுவான் பஸ் எடுங்கள். பண்ணைப் பாலம், வேலணை, பிறகு கடலைக் கிழித்துப் போகும் வாணர் பாலம், புங்குடுதீவு, கடைசியில் இறங்குதுறை. ஒன்றரை மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கியதும் பலர் விடும் முதல் பிழை, கூட்டம் நிற்கும் வரிசையில் போய் நிற்பது. அது நயினாதீவுக்குப் போகும் வரிசை. நாகபூசணி அம்மனுக்கும் நாகவிகாரைக்கும் போகிறவர்கள் அங்கே நிற்பார்கள், இருபது நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். நெடுந்தீவுப் படகு வேறு, அதற்கு ஒரு மணித்தியாலம் வேண்டும். போயா (பௌர்ணமி விடுமுறை) நாளிலும் நீண்ட விடுமுறையிலும் வெளிக்கிட வேண்டாம். நயினாதீவுக் கூட்டத்தால் பஸ்ஸிலிருந்து துறைமுகம் வரை எல்லாமே பிந்தும், காலைப் படகு உங்களை விட்டுவிட்டுப் போய்விடும்.

படகு நேரத்தை இங்கே எழுத மாட்டேன். அது மாறும், வடதாரகையா, குமுதினியா, தனியார் படகா, அன்று எது ஓடும், எது திருத்தத்தில் நிற்கும் என்பதும் மாறும். முதல் நாளே கேட்டு வையுங்கள். காலைப் படகில் போய்ப் பின்னேரப் படகில் திரும்பினால் தீவில் நான்கைந்து மணித்தியாலம் கிடைக்கும். கரை தொட்டதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "கடைசிப் படகு எத்தனை மணிக்கு?" அதற்கு அரை மணித்தியாலம் முன்னதாகத் துறையில் நில்லுங்கள். இந்தச் சேவை தீவு மக்களுக்காக ஓடுவது. கர்ப்பிணி, நோயாளி, பள்ளிக்கூட ஆசிரியர், அரிசி மூட்டையோடு வரும் ஆச்சி எல்லாருக்கும் அதுதான் வழி. இடம் குறைவென்றால் எழுந்து கொடுங்கள்.

கடலைப் பற்றி ஒரு சொல். நயினாதீவின் மறைவு தீர்ந்ததும் படகு திறந்த கடலில் ஏறும். நெடுந்தீவு தென்மேற்கே கிடப்பதால், மே நடுப்பகுதி தொடங்கிச் செப்டெம்பர் வரை வீசும் சோழகத்தில், அதாவது தென்மேற்குக் காற்றில், போகும்போது அலை முகத்துக்கு நேரே வரும், வரும்போது முதுகுக்குப் பின்னால். ஆகவே போகும்போதுதான் நனைவீர்கள், அதிகம் முன்பக்கத்தில் இருப்பவர்கள். நடுப்பகுதியில் இருங்கள், கமராவைப் பிளாஸ்டிக் பையில் சுற்றுங்கள். கீழ் அறைக்குள் இறங்கினால் டீசல் மணத்தில் குமட்டும். ஒக்டோபர் தொடக்கம் டிசெம்பர் வரை மழையும் வாடையும், சேவையே நிற்கலாம். பெப்ரவரி, மார்ச் நல்லது: மழை விட்டிருக்கும், கடல் தணிந்திருக்கும், புல்லில் இன்னும் பச்சை இருக்கும்.

தனிப்படகு பிடித்தால் இந்தத் தலையிடியே இல்லை என்று யாராவது கீழே எழுதுவார்கள். சரி, பிடியுங்கள். உயிர்காப்பு அங்கி எண்ணிக்கையை ஏறுமுன் எண்ணுங்கள், அவ்வளவுதான்.

தீவு ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர், முழுக்கத் தட்டை. நடந்து முடியாது. தீவின் இறங்குதுறையான மாவிலித்துறையில் ஓட்டோவும் சிறு வாகனங்களும் நிற்கும். வாடகை பட்டணத்தை விடக் கூடத்தான் இருக்கும். எரிபொருளும் உதிரிப்பாகமும் படகேறித்தான் வர வேண்டும் என்பதை நினைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள். ஏறுமுன் எந்தெந்த இடம் என்று சொல்லி முழுச் சுற்றுக்கும் ஒரு விலை பேசுங்கள். சில்லறைக் காசு, ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், தொப்பி, நண்பருக்குக் கடவுச்சீட்டு. தண்ணீரை அங்கே வாங்கலாம் என்று இருக்காதீர்கள். முருகைக்கல் (பவளப்பாறை) தரை, நல்ல தண்ணீர் அந்த ஆட்களுக்கே அருமை.

சுற்றுக்கு ஒரு யோசனை: தூரத்திலிருந்து கிட்டத்துக்கு வாருங்கள். எல்லாரும் இறங்கியதும் கோட்டையைத்தான் பார்க்கிறார்கள். ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடும் புறாக்கூடும் வைத்தியசாலைப் பக்கம், துறைக்குக் கிட்ட. அவற்றைக் கடைசிக்கு வையுங்கள், படகுக்கு நேரம் நெருக்கினாலும் ஓடி வந்துவிடலாம். முதலில் நேரே தெற்கே, வெளியில் மேயும் மட்டக்குதிரைகளுக்கும், கப்பல்களுக்கு அடையாளமாக நின்ற பழைய குவிந்தா கோபுரத்துக்கும் போங்கள். வெயில் ஏறுமுன் போனால் குதிரை திறந்த வெளியில் நிற்கும். கோடையில் தண்ணீர் உள்ள இடத்தை அண்டி நிற்கும், அப்போது தேடுவது சுகம், பார்ப்பதுதான் பாவமாக இருக்கும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்திலிருந்து வந்து, ஆங்கிலேயர் காலத்தில் பண்ணை கலைந்தபின் தன்பாட்டில் திரிந்த இனம். பிஸ்கற் நீட்டாதீர்கள், படத்துக்காகக் கலைக்காதீர்கள். வறட்சியில் மெலிந்த குதிரையை ஓட வைத்தால் அது அன்று குடித்த தண்ணீர் வியர்வையாய்ப் போகும்.

வழியில் பெருக்கமரம் (பாவோபாப்), பொந்துக்குள் ஆட்கள் நிற்கலாம். மேற்கே வெடியரசன் கோட்டை என்று ஊர் சொல்லும் இடத்தில் பௌத்தத் தூபிகளின் அடித்தளங்கள் உண்டு. அது யாருடையது என்ற சண்டையைக் கீழே தொடங்க வேண்டாம். என்னைக் கேட்டால் இவை எல்லாவற்றையும் விடக் கல்வேலிகள்தான் பார்க்க வேண்டியவை. தோட்டம் செய்யத் தரையில் தோண்டிய முருகைக்கல்லைச் சாந்தில்லாமல் அடுக்கி எல்லை கட்டியிருக்கிறார்கள். இடைவெளியால் காற்று புகுந்து போகும், அதனால்தான் சோழகத்துக்கும் சாயாமல் நிற்கிறது. ஏறி நின்று படம் எடுத்தால் சரியும். திருப்பி அடுக்கப் போவது நீங்கள் அல்ல.

மாவிலித்துறையில் 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் கொல்லப்பட்டவர்களுக்கு நினைவுத்தூபி இருக்கிறது. நண்பர் கேட்பார், சொல்லத் தெரிந்து வைத்திருங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்களுக்கு: இது கச்சதீவு இல்லை. கச்சதீவில் குடியிருப்பும் இல்லை, குடிதண்ணீரும் இல்லை, அந்தோனியார் திருவிழாவுக்குத்தான் போவார்கள்.

கேட்காத ஒன்று. தமிழில் எழுதும்போதாவது "டெல்ஃப்ட் தீவு" என்று எழுதாதீர்கள். ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப் பெயரை வைத்துவிட்டுப் போனார்கள், அதற்கு முன்பும் அது நெடுந்தீவுதான். "யாருமே அறியாத தீவு" என்று காணொளிக்குத் தலைப்புப் போடுகிறவர்களும் கேளுங்கள், அங்கே ஆயிரக்கணக்கில் ஆட்கள் இருக்கிறார்கள். பட்டணத்தில் தீவு ஆட்களை இளக்காரமாகத் "தீவான்" என்று பட்டம் தெளித்தவர்கள்தான் இப்போது அதே தீவில் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். பிளாஸ்டிக் போத்தலைத் திருப்பிக் கொண்டு வாருங்கள், தீவில் குப்பை போக வேறு இடம் இல்லை.