ஒட்டோடக்சின்: புற்றுநோய்க் கலத்துக்கு வெளியிலிருந்து வரும் துணை (கேள்வி பதில்)

பண்டாரவளை, உயர்தர மாணவி: ஐயா, கலத்தை விட்டு வெளியேறிய நொதியம் ஒன்று புற்றுநோய்க் கலம் பிழைப்பதற்கு எவ்வாறு உதவும்?

ஒட்டோடக்சினை எடுத்துக்கொள்வோம், மகள். 1992இல் மெலனோமா என்னும் தோற்புற்றுநோயின் கலங்களை வளர்த்த ஊடகத்திலிருந்து, கலங்களை நகரத் தூண்டும் புரதமாகவே இது பிரித்தெடுக்கப்பட்டது. இதன் உண்மையான தொழில் 2002இல்தான் தெளிவாயிற்று. குருதியிலுள்ள லைசோபொஸ்பற்றிடைல்கோலின் என்னும் கொழுப்புப் பொருளிலிருந்து கோலின் என்னும் பகுதியை வெட்டி நீக்கி, லைசோபொஸ்பற்றிடிக் அமிலத்தை இது உண்டாக்குகிறது. அவ்வமிலம் கலமென்சவ்விலுள்ள ஆறு வகை வாங்கிகளில் பொருந்தும்போது, உள்ளே ஏகேடி போன்ற நொதியங்கள் தூண்டப்படுகின்றன; மருந்தாலோ கதிர்வீச்சாலோ சிதைவுற்று, தன்னைத்தானே அழித்துக்கொள்ள வேண்டிய கலம் அதனால் அழிவிலிருந்து தப்புகிறது. டக்சோல் என்னும் புற்றுநோய் மருந்தை இட்டு வளர்த்த மார்புப் புற்றுநோய்க் கலங்களில் இப்பாதுகாப்பு நேரடியாகவே காட்டப்பட்டுள்ளது.

ஹற்றன், ஆசிரியர்: புற்றுநோய்க் கலமே இதனைச் சுரக்கின்றதா?

சில புற்றுநோய்களில் ஆம். ஆனால் மார்புப் புற்றுநோயில் கட்டியைச் சூழ்ந்துள்ள கொழுப்பிழையமே பெரும்பங்கைச் சுரக்கின்றது. கட்டி எழுப்பும் அழற்சியே அதனைத் தூண்டுகின்றது. காயம் ஆறுவதற்காக உடல் வைத்திருக்கும் இந்த ஏற்பாட்டைக் கட்டி தனக்கெனத் திருப்பிக்கொள்கிறது என்பதே, என் பார்வையில், இவ்விடயத்தின் மையம்.

தலவாக்கலை, வாசகர்: மார்புப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்த அம்மாவுக்குக் கண்டியில் கதிர்வீச்சுச் சிகிச்சை நடக்கிறது. கதிர்வீச்சு இந்நொதியத்தைக் கூட்டும் என்று வாசித்தேன். நிறுத்திவிடலாமா?

வேண்டவே வேண்டாம். கதிர்வீச்சுப் பட்ட கொழுப்பிழையம் ஒட்டோடக்சினை அதிகமாகச் சுரப்பது ஆய்வுகூடத்தில் காணப்பட்ட உண்மையே. ஆயினும் மார்பைப் பேணிக் கட்டியை மட்டும் அகற்றிய பின்னர் அளிக்கப்படும் கதிர்வீச்சு, நோய் மீளும் வாய்ப்பைக் குறைப்பது பல்லாயிரம் பெண்களிடம் உறுதிப்பட்டுள்ளது. மலையிலிருந்து பஸ்ஸில் போய்வருவது உடலை வருத்தும் என்பதை அறிவேன். எனினும் தவணைகளைத் தவறவிடாதீர்கள், ஐயம் இருந்தால் வைத்தியரிடமே கேளுங்கள்.

மாத்தளை, வாசகர்: குருதியில் இதனை அளந்து புற்றுநோயைக் கண்டறியலாமா?

இயலாது. ஈரல் நோயிலும் கர்ப்பகாலத்திலும்கூட இதன் அளவு உயரும்.

பதுளை, வாசகர்: இதனைத் தடுக்கும் மருந்து உண்டா?

நுரையீரல் நார்த்தன்மை நோய்க்கென உருவாக்கப்பட்ட சிரிடக்செஸ்டாட், மூன்றாங்கட்டச் சோதனை வரை சென்று, நன்மை தீமையை விஞ்சாமையால் 2021இல் கைவிடப்பட்டது. புற்றுநோயில் இவ்வகை மருந்துகள் இன்னும் தொடக்கநிலைச் சோதனைகளிலேயே உள்ளன. இவை தனித்துக் கட்டியைக் கொல்லும் என நான் எதிர்பார்க்கவில்லை. கீமோவுக்கும் கதிர்வீச்சுக்கும் துணையாக, கலத்தின் தப்பும் வழியை அடைப்பதற்கே இவை பயன்படக்கூடும்.