புது இனத்துக்குப் பெயர் வைப்பது எப்படி? – வகைப்பாட்டியல் கேள்வி பதில்

பூச்சி, பல்லி, செடி பற்றிக் கேளுங்கள். பறவையும் கடல்வாழ் உயிரியும் என் வட்டாரம் இல்லை.

செந்தூல் வாசகர்: சார், ஐநேச்சுரலிஸ்ட் செயலி சொல்லும் பெயரை அப்படியே எழுதிக்கொள்ளலாமா?

வேண்டாம். செயலி தன்னிடம் உள்ள படங்களில் நெருங்கியதைச் சொல்கிறது. இன்னும் பெயரே வைக்கப்படாத பூச்சிக்கும் ஒரு பெயர் சொல்லிவிடும். 'ஆய்வுத் தரம்' என்ற முத்திரை, அடையாளம் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனார்கள் என்பதை மட்டுமே காட்டும். இரண்டு பேர் சேர்ந்து தவறினாலும் முத்திரை விழும்.

பாயான் லெப்பாஸ் வாசகி: சிர்டோடாக்டைலஸ் புல்கெல்லஸ் பல்லி தீபகற்பம் முழுக்க இருப்பதாகப் பழைய நூல்கள் சொல்கின்றன. இப்போது பினாங்குத் தீவில் மட்டும்தான் என்கிறார்கள். எதை நம்புவது?

இப்போது சொல்வதை. கிரே 1827-இல் வைத்த பெயர் அது. 2012-இல் உடலமைப்பையும் டி.என்.ஏ.வையும் சேர்த்து அலசியபோது, ஒரே இனம் என்று நினைத்த கூட்டத்திலிருந்து ஏழு புது இனங்கள் பிரிந்தன. பழைய பெயர் பினாங்குப் பல்லியோடு நின்றது. கேமரன் மலையில் இருப்பது டிரைலேட்டோஃபேசியாட்டஸ், புக்கிட் லாருட்டில் இருப்பது பின்டாங்டிங்கி.

சிக்கல் தரவுத்தளத்தில்தான். ஜி.பி.ஐ.எஃப். என்ற உலக உயிரினப் பதிவுத் தளத்தில் இறக்கும் பழைய பதிவு புல்கெல்லஸ் என்றே இருக்கலாம். அதை இடத்தைப் பார்த்து மொத்தமாக மாற்றிவிடாதீர்கள். இரண்டு இனங்களின் எல்லை எங்கே என்று தெரியாத மலைகள் உண்டு. அருங்காட்சியக எண் இருந்தால் மாதிரியை எடுத்து மறுபடி பார்க்கலாம். ஆகவே இறக்கும்போது மாதிரி எண், சேகரித்தவர், தேதி ஆகிய பத்திகளை வெட்டாதீர்கள். எண் இல்லாத பதிவை யாராலும் திருத்த முடியாது.

பல்கலைக்கழக மாணவி, கோலாலம்பூர்: என் வண்டின் சி.ஓ.1 (மைட்டோகாண்ட்ரியா மரபணு) வரிசை தரவுத்தளத்தில் இருப்பதோடு 4 சதவீதம் வேறுபடுகிறது. புது இனம்தானே ஐயா?

சந்தேகம் கொள்ளக் காரணம் இருக்கிறது. முடிவுக்கு வரப் போதாது. 2003-இல் ஹெபர்ட் குழு முன்வைத்த இந்த டி.என்.ஏ. பட்டைக்குறி (பார்கோடு) ஏறத்தாழ 650 எழுத்து நீளமுள்ள ஒரே ஒரு மரபணுத் துண்டு. முதலில் வரிசையைப் புரதமாக மொழிபெயர்த்துப் பாருங்கள். நடுவில் நிறுத்தக் குறி வந்தால், மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து உட்கருவுக்குள் புகுந்த செத்த நகலைப் பெருக்கியிருக்கிறீர்கள். அடுத்து வோல்பாக்கியா: இந்தப் பாக்டீரியா ஒரு தாய்வழியை இனம் முழுக்கப் பரப்பிவிடும், இனங்களுக்கு நடுவே உள்ள கோடு குழம்பும். பிறகு உட்கரு மரபணு ஒன்று, கடைசியாக ஆண் பிறப்புறுப்பு. வயிற்று நுனியைக் கழற்றி 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சூடாக்கித் தசையைக் கரைத்துப் பாருங்கள். பல வண்டுகளில் இனத்தைப் பிரிப்பது அதுதான்.

மாதிரியை 95 சதவீத எத்தனாலில் வையுங்கள். மெத்திலேட்டட் ஸ்பிரிட் வேண்டாம். ஃபார்மலின் வேண்டவே வேண்டாம், டி.என்.ஏ. நொறுங்கிப்போகும். செடிக்கு இந்த மரபணு உதவாது, அங்கே ஆர்.பி.சி.எல்., மாட்கே என்ற மரபணுக்கள். காளானுக்கு ஐ.டி.எஸ். என்ற டி.என்.ஏ. துண்டு.

ஆயர் ஈத்தாம் வாசகர்: அண்ணே, இவ்வளவு நல்ல கேமரா வந்த பிறகும் மாதிரிக்காக ஏன் பூச்சியைக் கொல்ல வேண்டும்? தென்னாப்பிரிக்காவில் ஓர் ஈக்குப் படத்தை வைத்தே பெயர் வைத்தார்களே!

வைத்தார்கள், 2015-இல். மறு ஆண்டே ஏறத்தாழ 500 வகைப்பாட்டியலாளர்கள் எதிர்ப்பில் கையெழுத்திட்டார்கள். 2017-இல் விலங்குப் பெயர் ஆணையம் மாதிரி இல்லாமலும் பெயர் வைக்கலாம் என்று தெளிவுபடுத்தியது. ஆனால் ஏன் மாதிரி இல்லை என்று விளக்கச் சொல்கிறது.

ஆயர் ஈத்தாம்: அப்படியானால் சட்டம் என் பக்கம்!

சட்டம் தடுக்கவில்லை, அவ்வளவுதான். நம் சிலாங்கூரையே பாருங்கள். 2011-இல் ஒரு புகைப்படக்காரர் காட்டில் எடுத்து ஃபிளிக்கர் படத்தளத்தில் போட்ட பச்சைச் சிறகுப்பூச்சியை ஒரு பூச்சியியலாளர் கண்டுபிடித்தார். படத்தை வைத்து அவர் பெயர் வைக்கவில்லை. அதே இடத்தில் ஒன்றைப் பிடிக்கச் சொல்லி, லண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்ப வைத்தார். அங்கே பெட்டியில் சபாவிலிருந்து வந்த இன்னொன்று பெயரில்லாமல் கிடந்தது. 2012-இல் செமாக்ரைசா ஜேட் ஆனது. படம் வழி காட்டியது, பூச்சி சான்று ஆனது.

பட்டர்வொர்த் வாசகர்: நான் ஆயர் ஈத்தாம் நண்பர் பக்கம். பத்தே பத்து மீதமுள்ள விலங்கு என்றால்?

அப்போது படம், இரத்தத் துளி, உதிர்ந்த தோல் போதும் என்பேன். ஆயிரக்கணக்கில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பூச்சிக்கு அந்த வாதம் பொருந்தாது. படத்தில் தெரியாததை நாளைக்கு யாரும் அறுத்துப் பார்க்க முடியாது. ஆனால் சேகரிப்பு அனுமதியோடுதான்: 2020 டிசம்பர் 18 முதல் உயிரியல் வளங்களை எடுப்பது பற்றிய மலேசியச் சட்டம் 795 நடப்பில் இருக்கிறது.

கிள்ளான் வாசகர்: செயலி சொல்லும் பெயரை...

மேலே முதல் கேள்வி.

பிரிக்பீல்ட்ஸ் வாசகி: மின்னிதழில் மட்டும் வெளியிட்டால் பெயர் செல்லுமா?

விலங்கு என்றால் செல்லும், 2011-க்குப் பிறகு வந்ததாக இருந்தால். கட்டுரையை ஸூபேங்க் என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் பதிவு செய்து, பதிவு எண்ணைக் கட்டுரைக்குள்ளேயே போடுங்கள். வெளியீட்டுத் தேதியும் உள்ளே இருக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இதைத்தான். பதிவில் ஐ.எஸ்.எஸ்.என். (இதழ் எண்) அல்லது ஐ.எஸ்.பி.என். (நூல் எண்), பதிப்பாளர் அல்லாத காப்பகத்தின் பெயர் இரண்டும் வேண்டும். தாவரத்துக்கு 2012 முதல் பி.டி.எஃப். போதும், விளக்கம் லத்தீனிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். காளானுக்கு 2013 முதல் மைக்கோபேங்க் போன்ற இடத்தில் பதிவு எண் வாங்கியே ஆக வேண்டும்.

தஞ்சோங் பூங்கா வாசகர்: எக்செல்லில் பதிவு வைக்கலாமா?

வையுங்கள், தேதிப் பத்தியை உரையாக மாற்றிவிட்டு. 3/4 என்று எழுதினால் மார்ச்சா ஏப்ரலா என்று கணினி தானே முடிவு செய்யும். 2024-04-03 என்று எழுதுங்கள். இடத்தைத் தசமப் பாகையில் நான்கு இலக்கம் வரை குறித்தால் ஏறத்தாழ 11 மீட்டர் துல்லியம் கிடைக்கும். பழைய நில வரைபடத்திலிருந்து எடுத்தால் அது கெர்த்தாவ் என்ற பழைய நில அளவீடா என்று பாருங்கள். மாற்றாமல் போட்டால் புள்ளி நூறு மீட்டருக்கு மேல் தள்ளி விழும். இடத்தின் பாகையை எதிலிருந்து எடுத்தீர்கள் என்றும் ஒரு பத்தி. எண் இல்லாத மாதிரி வேண்டாம், மறுபடியும் சொல்கிறேன்.

ஜெலுத்தோங் வாசகர்: எங்கள் வீட்டுக் கூரையில் பெரிய பாம்பு. என்ன இனம் என்று செயலி சொல்வதை நம்பலாமா?

999-ஐ அழையுங்கள்.