வாயில் வைத்திருக்கும் அம்பு

அன்புள்ள ஐயா,

அமேசான் காட்டு மந்திர வைத்தியர்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நோயாளியின் உடம்பில் வாய் வைத்து உறிஞ்சி, உள்ளே இருந்தது என்று எதையோ துப்பிக் காட்டுகிறார்கள். அதை முன்கூட்டியே வாயில் அடக்கி வைத்திருப்பார்கள் என்றும் நீங்களே சொல்கிறீர்கள். அப்புறம் இது ஏமாற்று வேலைதானே?

கே., மதுரை

அன்புள்ள கே.,

முதலில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஈக்வடாரின் கிழக்குக் காடுகளில் வாழும் ஷுவார் மக்களைப் பற்றிப் படித்த பிறகு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. 1956-57இல் அவர்களோடு தங்கியிருந்த மானுடவியலாளர் மைக்கேல் ஹார்னர் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

அவர்கள் மொழியில் சென்ட்சாக் என்றால் ஊதுகுழலில் வைத்து ஊதும் சிறு அம்பு. உவிஷின், அதாவது மந்திர வைத்தியர், தன் உடம்புக்குள் வைத்திருக்கும் மாய அம்புகளுக்கும் அதே பெயர்தான். யாரோ ஏவிவிட்ட அம்பு தைத்ததால் நோய். நம் ஊர் செய்வினை போலத்தான். வைத்தியம் இரவில், இருட்டில் நடக்கும். நதேம் என்ற மயக்கம் தரும் கொடியைக் காய்ச்சிக் குடித்தால்தான், நோயாளியின் உடம்புக்குள் இருக்கும் அம்பு வைத்தியரின் கண்ணுக்குத் தெரியும்.

உறிஞ்சுவதற்கு முன், அங்கே கண்ட அதே வகை அம்புகள் இரண்டைத் தன் வாயில் வைத்துக்கொள்கிறார், ஒன்று முன்னால், ஒன்று தொண்டைப் பக்கம். வெளியே வரும் மாய அம்பை முன்னால் இருப்பது பிடிக்க வேண்டும். அது தவறவிட்டால் பின்னால் இருப்பது தடுக்கும். அதுவும் தவறினால் அம்பு வயிற்றுக்குள் போய் வைத்தியரையே கொன்றுவிடும். பிடித்த பிறகு, அம்பாக வாயில் வைத்திருந்த பொருளைத் துப்பி வீட்டாரிடம் காட்டுகிறார். உடம்பிலிருந்து வந்தது அதுதான் என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள், அவரும் திருத்துவதில்லை. சரி, பொய்யா? தன் உயிரைப் பணயம் வைத்து ஒன்றைப் பிடித்ததாக அவர் முழுமனதாக நம்புகிறார். அவரை மோசடிக்காரர் என்று என்னால் சொல்ல முடியாது.

அதற்காக அவரைக் காட்டின் ஞானி என்று கொண்டாடுவதும் எனக்கு ஒப்பவில்லை. குணப்படுத்துகிற அம்பும் கொல்கிற அம்பும் ஒன்றுதான். ஒருவர் நோயில் செத்தால், ஏவியது யார் என்று தேடிப் பழிவாங்கக் கிளம்பினார்கள்.

சீடனாகச் சேர்கிறவன் குருவின் அம்புகளை விழுங்கிவிட்டு விரதம் இருக்கிறான். ஒரு மாதம் போல ஆனதும் அதில் ஒன்று தானாக வாய்க்கு வரும். கூடவே, யார் மேலாவது அதை ஏவிவிட வேண்டும் என்ற வெறியும் வரும். ஏவிவிட்டால் அவன் கெடுக்கிறவனாகிவிடுவான். வெறியை அடக்கி, அந்த அம்பைத் திரும்ப விழுங்கிவிட்டால் வைத்தியனாவான்.